குழலூதும் பெண்ணை அனுப்பிவிட்ட பிறகு

பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ ஒரு விருந்தில் தொடங்குகிறது. நாடகப் போட்டியில் வென்ற அகத்தான் என்னும் நாடக ஆசிரியரின் வீடு. உணவு முடிந்ததும் விருந்தினரில் ஒருவர் யோசனை சொல்கிறார்: குழல் வாசிக்க வந்த பெண்ணை அனுப்பிவிடலாம், அவள் தனக்குத் தானே வாசித்துக்கொள்ளட்டும், அல்லது வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு வாசிக்கட்டும். அவள் போன பிறகுதான் ஆண்கள் காதலைப் பற்றித் தத்துவம் பேசத் தொடங்குகிறார்கள். சாக்ரடீஸின் முறை வரும்போது, காதலைப் பற்றித் தான் அறிந்ததெல்லாம் தியோதிமா என்ற பெண் கற்றுக்கொடுத்தது என்கிறார். அந்தப் பெண்ணும் அந்த அறையில் இல்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. மாதவி நாடகக் கணிகை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அவளது ஆட்டக் கல்வியையும், அவள் ஆடிய அரங்கின் அளவுகளையும்கூட விரிவாகச் சொல்கிறது. அவள் மகள் மணிமேகலை ஆடப் போகவில்லை, துறவியாகிறாள். வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறியச் செல்கிறாள். ஆனால் இளம்பெண்ணாக அல்ல, ஆண் துறவியின் வடிவெடுத்து. இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் மெய்ப்பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே முன்கூட்டி எச்சரித்திருக்கிறது.

ஏதென்ஸிலும் வஞ்சியிலும் ஒரே ஏற்பாடுதான். ஆடும் பெண்ணுக்கு அரங்கம் உண்டு, வாதம் நடக்கும் அறையில் இடம் இல்லை. அவளைப் பற்றிப் பேசலாம், அவளோடு பேச வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு சென்னையில், மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர்களுக்குள், 20ஆம் நூற்றாண்டில் எப்படி நடந்தது, அதை யார் எப்படி மறுத்தார்கள் என்பதே இந்தக் கட்டுரை.

தியாகராய நகரின் ஒரு மாடி வீட்டில் நான் நடனம் கற்றது இரண்டு ஆண்டுகள்தான். அங்கே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது, அந்தப் பாட்டின் பொருள் என்ன என்று கேட்டேன். “சாமி மேல பக்தி, அவ்வளவுதான், கையைப் பாரு” என்று பதில் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாட்டின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். இரவு முழுதும் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு விடியலில் வரும் ஆணைப் பார்த்து, கோபமும் கேலியும் இன்னும் அடங்காத ஆசையுமாக ஒருத்தி பேசுவதுதான் அந்தப் பாட்டு. இத்தனையும் எங்கே போயின, யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற கேள்வி அன்று தொடங்கியது.

1

அரங்கம் பற்றிய இந்தியத் தத்துவம் என்றவுடன் நாட்டியசாஸ்திரத்தைச் சொல்வார்கள். அந்த நூல் தன் பிறப்புக் கதையைத் தானே சொல்கிறது. நான்கு வேதங்களிலிருந்தும் கூறுகளை எடுத்து, எல்லா வருணத்தாருக்கும் உரிய ஐந்தாவது வேதமாக நாட்டியத்தைப் பிரம்மா படைக்கிறார். கைசிகி என்னும் மென்மையான, சிருங்காரத்துக்குரிய ஆட்ட முறையைப் பெண்கள் இல்லாமல் நடத்த முடியாது என்று பரதர் சொல்ல, அதற்காகவே அப்சரஸ்கள் படைக்கப்படுகிறார்கள். ஆக, முதல் அத்தியாயத்திலேயே பெண் தேவைக்காக உண்டாக்கப்பட்டவள்.

கடைசி அத்தியாயத்தில் இன்னொரு கதை. பரதரின் பிள்ளைகள் முனிவர்களைக் கேலி செய்து நாடகம் போடுகிறார்கள். முனிவர்கள் சபிக்கிறார்கள்: நீங்களும் உங்கள் வழியினரும் சூத்திரராகக் கடவீர். கலை வேதத்துக்கு நிகர் என்று தொடங்கும் நூல், கலைஞரின் சாதித் தாழ்வுக்கு நியாயம் சொல்லி முடிகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல், முதல் கதையை மட்டும் மேற்கோள் காட்டுவதே நம் சபாக்களின் வழக்கம்.

ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் இந்த நூலுக்கு எழுதிய உரையில் ரசக் கோட்பாடு முழு வளர்ச்சி அடைகிறது. மேடையில் காணும் துயரம் நம் வீட்டுத் துயரம் அல்ல. ‘நான்’, ‘எனது’ என்ற கட்டுகளிலிருந்து அவிழ்ந்து, எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட உணர்ச்சி அது. அதனால்தான் அதைச் சுவைக்க முடிகிறது. மிக நுட்பமான சிந்தனை. ஆனால் அந்தச் சுவை யாரிடம் நிகழ்கிறது? பார்வையாளரிடம். அப்படியானால் நடிப்பவர்? அவர் ஒரு பாத்திரம்தான். மதுவின் சுவை கிண்ணத்துக்குத் தெரியுமா என்று கேட்கிறார் அபிநவகுப்தர். சமையலறைப் பாத்திரத்துக்கும் நாடகப் பாத்திரத்துக்கும் ஒரே சொல்லைப் புழங்கும் நமக்கு இந்த உவமை உடனே புரியும். புரிவதோடு உறுத்தவும் வேண்டும். ஏனென்றால், ஆண்டுக்கணக்கில் உடலை வருத்திக் கற்ற ஒருத்தியை, பிறர் பருகுவதற்கான கிண்ணமாக அது ஆக்குகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. ‘மெய்ப்பாடு’ என்ற சொல்லிலேயே மெய், அதாவது உடல், இருக்கிறது. உணர்ச்சி உடலில் தோன்றுவது என்ற புரிதல் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

2

1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினரானார். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். 1929இல் தேவதாசிகளின் இனாம் நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தத்துக்கு அவர் காரணமாக இருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க 1930இல் அவர் கொண்டுவந்த மசோதா, 1947இல்தான் சட்டமாயிற்று. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதால் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது அவருக்கு மருத்துவராகவும் மகளாகவும் தெரிந்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர். சதிர் உயர்ந்த கலை, அதைக் காப்பாற்ற வேண்டும் என்றார். பெண் வேடமிட்டுத் தானே ஆடியும் காட்டினார். 1932 இறுதியில் இருவரும் ஆங்கில நாளேடுகளில் கடிதம் எழுதிக் கடுமையாக வாதிட்டனர். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, 1931இல் கல்யாணி அம்மாளின் மகள்களை மேடையேற்றியது. அந்தப் பத்தாண்டுக்குள் சதிர், தாசியாட்டம், சின்ன மேளம் என்ற பெயர்கள் ஒதுங்கி, ‘பரதநாட்டியம்’ நிலைபெற்றது. பெயரோடு நூலும் வந்தது. அபிநவகுப்தரின் உரையோடு நாட்டியசாஸ்திரம் 1926 முதல் பரோடாவிலிருந்து அச்சாகி வெளிவரத் தொடங்கியிருந்தது. கலைக்கு ஒரு சமஸ்கிருதத் தத்துவம் கிடைத்தது. அதுவரை அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தவர்களுக்கு ஒரு சட்டம் கிடைத்தது.

அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சென்னையில் வாழ்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், முத்துப்பழனி என்ற 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவிஞர் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தார். பெண்ணின் காம வேட்கையைப் பெண்ணே எழுதிய நூல். ஆபாசம் என்று அரசு தடை செய்தது. தடை 1947இல்தான் நீங்கியது. அதே கவிதையை ஆண் எழுதினால் சிருங்கார ரசம், பெண் எழுதினால் ஆபாசம் என்னும் இரட்டை அளவுகோலை அவர் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார். ரசக் கோட்பாட்டை இதைவிடக் கூர்மையாக விசாரித்தவர் அந்தக் காலத்துச் சென்னையில் யார்?

இதற்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரும் அதே சமூகத்தில் வளர்ந்தவர், சுயமரியாதை இயக்கத்தவர். 1936இல் வந்த அவரது நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. கலை, தெய்வம், புனிதம் என்ற சொற்களுக்குப் பின்னால் மிராசுதார்களின் பணமும் பெண்களின் அடிமைத்தனமும் இருப்பதை அவர் எழுதினார். நாகரத்தினம்மாளும் இராமாமிர்தமும் ஒருவரை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், தங்களைப் பற்றிய தீர்ப்பைப் பிறர் எழுத விடவில்லை என்பதில் இருவரும் ஒன்றுதான். அதே 1936இல்தான் அடையாறில் வேறொன்று தொடங்கியது.

3

பிரம்ம ஞான சபை 1875இல் நியூயார்க்கில் தொடங்கி, 1882 இறுதியில் அடையாற்றங்கரைக்கு வந்தது. எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் இருக்கிறது, மனித குலம் படிப்படியாக ஆன்மிக உயர்வை நோக்கிச் செல்கிறது என்பது அதன் கொள்கை. ருக்மிணி தேவி 1904இல் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி சபையில் ஈடுபாடு கொண்டு குடும்பத்தோடு அடையாறுக்கு வந்தவர். 1920இல், 16 வயதில், தன்னைவிட 26 வயது மூத்த ஜார்ஜ் அருண்டேலை மணந்தார் ருக்மிணி. சென்னையின் பிராமணச் சமூகம் கொதித்தது. 1928இல் அன்னி பெசன்ட் அவரை ‘உலக அன்னை’யின் பிரதிநிதியாக அறிவித்தார். 24 வயதுப் பெண்ணிடம், தத்துவம் எழுதிக் கொடுத்த ஒரு வேடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேடத்தில் அவர் நிலைக்கவில்லை. அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார், பாலே பயின்றார், பாவ்லோவாவின் தூண்டுதலால் தன் நாட்டின் ஆட்டத்தைத் தேடினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் சபையின் வைர விழாவில் ஆடினார். அடுத்த மாதம், 1936 ஜனவரியில், பின்னர் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஒரு பிராமணப் பெண் மேடையில் சதிர் ஆடியது துணிச்சல்தான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நட்டுவனார் குடும்பத்து ஆண்களிடம் மட்டுமே இருந்த நட்டுவாங்கத்தை மாணவிகள் செய்யத் தொடங்கியதும், பெண்கள் நடனத்தைத் தொழிலாகக் கொள்ள ஒரு நிறுவனம் உருவானதும் அவரால்தான். ஆனால் அந்த மேடையின் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு தத்துவம் வேலை செய்தது. ஆட்டக்காரியின் பின்னால் நின்று நகர்ந்த இசைக் கலைஞர்கள் பக்கத்தில் அமர்ந்தார்கள். மேடையில் நடராசர் சிலை வந்தது. கோயில் சிற்பங்களைப் பார்த்து உடை வடிவமைக்கப்பட்டது. சில பதங்களும் சில அசைவுகளும் ஒதுக்கப்பட்டன. கலை ஆன்மாவை உயர்த்த வேண்டும், உடலில் தேங்கக் கூடாது என்பதே அந்தத் தத்துவம். ‘குற்றாலக் குறவஞ்சி’, ‘குமாரசம்பவம்’, பின்னர் இராமாயண வரிசை என்று வந்த நாட்டிய நாடகங்களில் தனி ஒருத்தியின் ‘நான்’ பின்னுக்குப் போய், காவியக் கதை முன்னுக்கு வந்தது.

சிருங்காரத்தைப் பக்தியாகத் தூய்மைப்படுத்துவது என்று இதைச் சொன்னார்கள். தூய்மை என்ற சொல் சாதிச் சமூகத்தில் அப்பாவிச் சொல் அல்ல. எது அழுக்கு என்ற பட்டியலை முதலில் எழுதிய பிறகே தூய்மைப்படுத்த முடியும். அந்தப் பட்டியலில் சில அசைவுகள் மட்டும் இருக்கவில்லை, அவற்றைக் கற்றுக்கொடுத்த பெண்களும் இருந்தார்கள்.

கௌரி அம்மாளை எடுத்துக்கொள்வோம். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கடைசித் தலைமுறைக் கலைஞர். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்றுக்கொடுத்தவர். 20ஆம் நூற்றாண்டு பரதநாட்டியத்தின் இரண்டு பெரிய கிளைகளுக்கும் வேர் போன்றவர். கோயில் ஊழியம் போனதோடு கோயிலைச் சார்ந்த வாழ்வும் போய், முதுமையில் வறுமையில் வாடினார். இன்று மாட வீதிகளில் நடந்து போகும் நமக்கு அவர் எங்கே வாழ்ந்தார் என்று சொல்ல ஒரு பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படுவதில்லை.

4

பாலசரஸ்வதி 1918இல் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள். 7 வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேற்றம். ஆசிரியர் கந்தப்பப் பிள்ளை. 1953 முதல் மியூசிக் அகாடமியில் கற்றுக்கொடுத்தார். 1961இல் டோக்கியோ, 1963இல் எடின்பரோ. 1959இல் சமஸ்கிருத அறிஞர் வெ. ராகவனோடு சேர்ந்து ‘பரதநாட்டியம்’ என்ற தமிழ் நூலை எழுதினார். 1973இல் சங்கீத கலாநிதி விருது. அதைப் பெற்ற முதல் ஆட்டக் கலைஞர் அவர். அவரைப் பெரிய கலைஞர் என்று எல்லோரும் சொல்வார்கள். சிந்தனையாளர் என்று சொல்பவர்கள் குறைவு.

1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் ஆற்றிய தலைமை உரையை, அரங்கத் தத்துவம் பற்றிய ஒரு நூலாகவே நாம் படிக்க வேண்டும். அதில் கச்சேரியின் வரிசையைக் கோயிலாக விளக்குகிறார். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் மண்டபம். வர்ணத்தில் தெய்வத்தின் திருமுன் வந்து சேர்கிறோம். பிறகு பதம்: வெளியின் வெளிச்சமும் ஆரவாரமும் அடங்கி, கருவறையின் குளிர்ச்சிக்குள் நுழைவது. தில்லானா, மீண்டும் ஆரவாரத்தோடு ஏற்றும் கற்பூர ஆரத்தி.

எதை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். எந்தப் பதங்களைச் சீர்திருத்தம் விரும்பியவர்கள் நீக்கவும் மழுப்பவும் பார்த்தார்களோ, அவற்றைக் கருவறைக்குள் வைக்கிறார். சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை, அதுவே மிக உயர்ந்தது, வேறெந்த உணர்ச்சியாலும் காட்ட முடியாததை அதனால்தான் காட்ட முடியும் என்பது அவரது நிலைப்பாடு. பக்தி ஓரிடத்திலும் உடல் இன்னோரிடத்திலும் இருப்பதாகப் பிரிக்கும் பிரிவினையையே அவர் ஏற்கவில்லை. மெய்ப்பாடு என்ற சொல்லுக்குள் இருக்கும் மெய் இங்கே திரும்பி வருகிறது.

இரண்டாவது: பாத்திரம் பற்றிய பழைய கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஆடுபவள் தாளத்திலும் இசையிலும் தன்னைக் கரைத்துக்கொண்டு தன் உடலையே கருவியாக்கி அனுபவிக்கிறாள், அதையே வெளிப்படுத்துகிறாள் என்கிறார். அனுபவம் முதலில் அவளுக்குத்தான் நிகழ்கிறது. கிண்ணத்துக்குச் சுவை தெரியும் என்று ஒரு கிண்ணம் எழுந்து நின்று சொன்னது போல. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் அபிநயம் செய்யும் அவரது மனோதர்மத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. அது அந்தந்தக் கணத்தில் செய்யும் விளக்கவுரை. உரையாசிரியர்கள் ஓலையில் செய்ததை அவர் கண்ணிலும் கையிலும் செய்தார்.

மூன்றாவது: கோயிலில் ஆடும் உரிமை சட்டத்தால் முடிந்துபோன ஒரு சமூகத்தின் பெண், அந்தக் கோயிலைக் கச்சேரி மேடையில் தானே கட்டி எழுப்பினாள். அதற்கு அவள் யாரிடமும் சாவி கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஆனால் இங்கே நாம் நின்றுவிடக் கூடாது. இராமாமிர்தம் அம்மையார் இந்த உரையைக் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்? அந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமியை யாராவது விருப்பம் கேட்டார்களா என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குக் கோயில் உவமையில் பதில் இல்லை. பாலசரஸ்வதியின் கலைத் தத்துவத்தை ஏற்பதும் முத்துலட்சுமியின் சட்டத்தை ஏற்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணை ஒப்படைக்கும் முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் அறிந்திருந்த அறிவை அவர்கள் பெயரிலேயே காக்கவும் வேண்டியிருந்தது. முதலாவது சட்டமாயிற்று. இரண்டாவதில், அறிவு வேறு வீடுகளுக்குப் போனது, பெயர் போகவில்லை.

5

1952இல் சென்னையில் அரங்கேறிய சந்திரலேகா, எல்லப்பப் பிள்ளையின் மாணவி. பிறகு பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். பெண்கள் இயக்கத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார். பரதநாட்டியம், யோகம், களரிப்பயட்டு மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன. தெய்வமும் இல்லை, தலைவனுக்காகக் காத்திருக்கும் நாயகியும் இல்லை. நிமிர்ந்த முதுகெலும்பு இருந்தது. பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் இருந்த அவரது இடத்திலிருந்து ‘ஸ்ரீ’, ‘சரீரா’ போன்ற படைப்புகள் உருவாயின. 2006இல் காலமாகும்வரை அவர் விடாமல் கேட்டது ஒன்றைத்தான்: இந்த உடல் எதையோ சுமக்கும் வண்டியா, அல்லது தானே ஒரு சிந்தனையா? சிருங்காரமா பக்தியா என்ற பழைய வாதத்தை அவர் தீர்க்கவில்லை, அது நடந்த தளத்தையே மாற்றினார். அவரும் மரபுக் குடும்பத்தவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1990களில் ‘வாய்ஸிங் சைலன்ஸ்’ வழியாக அ. மங்கை பெண்ணிய நாடகத்தைச் சென்னையில் வளர்த்தார். இன்குலாப் எழுதிய ‘ஔவை’யையும் ‘மணிமேகலை’யையும் அவர் நெறியாள்கை செய்தார். ஆட்டக்காரியின் மகள் வாதம் செய்ய மறுபடி மேடைக்கு வந்தாள். இன்று நிருத்யா பிள்ளை போன்ற மரபுக் குடும்பத்துக் கலைஞர்கள் தாங்களே ஆடி, தாங்களே எழுதி, தங்கள் முன்னோரின் பெயர்களைக் கேட்டுப் பெறுகிறார்கள்.

2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் துன்புறுத்தல் புகார்களோடு வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையம் விசாரிக்க வந்தது. இதை ஒரு நிறுவனத்தின் சிக்கலாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. குருவின் முன் உடல் ஒரு பாத்திரம், கலை புனிதம், புனிதத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்று கற்பிக்கும் எந்த வகுப்பறையிலும், தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு பெண்ணுக்குச் சொல் கிடைப்பது கடினம். தத்துவம் மேடையோடு நிற்பதில்லை, வகுப்பறைக்குள்ளும் வருகிறது. அந்த மாணவிகள் சொல்லைக் கண்டுபிடித்தார்கள்.

தியாகராய நகரின் கிருஷ்ண கான சபாவில் 1981 முதல் நாட்டியக் கலை மாநாடு நடந்துவருகிறது. காலையில் பேச்சு, மாலையில் ஆட்டம். மேடையில் செய்துகாட்டியபடியே விளக்கும் நிகழ்வுகளில், ஆடுபவளே பேசவும் செய்கிறாள். அடுத்த மார்கழியில் அப்படி ஒரு காலை நிகழ்வுக்குப் போகும் மாணவிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரசம் பற்றி யாராவது பேசினால், அந்தச் சுவை யாருக்கு என்று கேளுங்கள். மரபு என்றால், யார் வீட்டு மரபு, அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரு பதத்தைக் கற்கும்போது அதன் பொருளைக் கேளுங்கள். “கையைப் பாரு” என்று பதில் வந்தால், மறுபடியும் கேளுங்கள்.

‘சிம்போசியத்’தின் முடிவுக்கு அருகில் கதவு தட்டப்படுகிறது. குடிபோதையில் வரும் அல்சிபியாடீஸைத் தாங்கிப் பிடித்தபடி குழலூதும் பெண் ஒருத்தி உள்ளே வருகிறாள். அவள் என்ன சொன்னாள் என்று பிளேட்டோ எழுதவில்லை. நம் ஊரில் அப்படி வந்தவர்கள் சொன்னதெல்லாம் உரையாகவும் நாவலாகவும் முன்னுரையாகவும் அச்சில் இருக்கிறது. படிக்க வேண்டியது நாம்.